ஆக்ஸ்லி சந்தின் பெயர்

"அந்தச் சந்துக்குப் பேர் வந்ததே எங்க தாத்தாவாலதான். பலகையில அதை எழுதணும்!"

மிஸ் ஆக்ஸ்லி கைத்தடியை ஊன்றி எழுந்து நின்று சொன்னார்.

டெஸ்மண்டுக்குச் சுருக்கென்றது. இங்கிலாந்தின் ஊர்ப் பெயர்களைக் கரைத்துக் குடித்தவர் அவர். இந்த ஊருக்குப் புதுசு. சந்துமுனையில் வைக்கப்போகும் வரலாற்றுப் பலகைக்கு வாசகம் எழுதும் பொறுப்பை நம்பிக் கொடுத்திருந்தார்கள். அதை விளக்கத்தான் இன்றைய கூட்டம். முதல் பலகையிலேயே புளுகா?

"மன்னிக்கணும் மேடம். அந்தப் பேருக்கு எண்ணூறு வயசுக்கு மேல ஆச்சு. 'ஆக்ஸ்'னா எருது. 'லீ'ன்னா காட்டைத் திருத்தின இடம். எருது மேய்ஞ்ச இடம், அவ்வளவுதான்."

"எங்க தாத்தா தாமஸ் ஆக்ஸ்லி பெரிய பண்ணைக்காரர். அவர்..."

"ஓ! தாத்தான்னு நீங்க சொல்றது அந்த எருதையா?"

தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார் டெஸ்மண்ட். மண்டபத்தில் வேறு ஒருவரும் சிரிக்கவில்லை.

மிஸ் ஆக்ஸ்லி கோட்டின் பொத்தானைக்கூடப் போடாமல் மழையில் இறங்கிப் போய்விட்டார். மற்றவர்களும் டீயைத் தொடாமலே கலைந்தார்கள்.

ஊர் வரலாற்றுச் சங்கத் தலைவர் ராலண்ட் மட்டும் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார். "நல்லா மூக்கை உடைச்சீங்க" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

"உண்மையைத்தானே சொன்னேன்? இந்த வயசுல குடும்பப் பெருமை வேண்டிக்கிடக்கு!"

"குடும்பமா? சந்துக்கு அவங்க பேரை வைக்கலை சார், அவங்களுக்குத்தான் சந்தோட பேரை வச்சாங்க. பச்சைக் குழந்தையைக் கம்பளியில சுத்தி அங்க போட்டுட்டு யாரோ போயிட்டாங்க. எங்கம்மாதான் எடுத்துட்டு வந்தாங்க. பெத்தவங்க யாருன்னு இன்னை வரைக்கும் தெரியாது."

டெஸ்மண்டுக்குத் தான் சிரித்த சிரிப்பு காதிலேயே நின்றது. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அப்போ... அந்தத் தாத்தா கதை பொய்னு ஊர்ல யாருக்கும் தெரியாதா?"

"எல்லாருக்கும் தெரியும் சார். யாருமே இல்லாதவங்களுக்கு ஒரு தாத்தாவாவது இருந்துட்டுப் போகட்டுமேன்னுதான் தலையாட்டிட்டு இருந்தோம்."