அளவுக்கு நிற்பவர்

மாலை வெயில் பயிற்சித் திடலின் புல்மேல் சாய்ந்து கிடக்கிறது. கூடையில் இன்னும் ஆறே பந்துகள். இவையும் வலப்பக்க வலையில் போய் விழுந்தால் கோல்ஃப் மட்டைகளைத் தம்பிக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவதாகப் பல் டாக்டர் சபதம் போட்டிருக்கிறார். பின்னால் பெஞ்சில் பட்டன் தைத்துக்கொண்டிருக்கும் தையல்காரி மனைவி அவர் முதுகைப் பார்க்கிறாள். அடிக்க நிற்கும்போதே வயிறு உள்ளே போய், தோள் காதருகே ஏறி, சட்டையின் தோள்பட்டைத் தையல் கோணிக்கொள்கிறது. அளவு கொடுக்க வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் நிற்பார்கள்; அவர்கள் மூச்சு விடும்வரை அவள் டேப்பை இடுப்பில் சுற்றுவதே இல்லை. “என்னங்க, மூச்சை விடுங்க. இங்க யாரும் அளவெடுக்கலை.” “உனக்கு கோல்ஃப் தெரியுமாக்கும்?” “உங்க தோள் தெரியும். வலது தோளை ஒரு விரக்கடை இறக்குங்க.” முறைத்துவிட்டு இறக்குகிறார். மூச்சு புஸ்ஸென்று வெளியேற, வயிறு பெல்ட்டின்மேல் வந்து உட்காருகிறது. சுத்தமாக ஒரு ‘டக்’. பந்து நூல் பிடித்தாற்போல் நேரே போகிறது. அவள் பட்டன் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறாள். டாக்டர் திரும்பிப் பார்த்து, மீசைக்குள் சிரித்து, அடுத்த பந்தின்முன் போய் நிற்கிறார். அந்தப் பெருமையில் வயிறு மறுபடியும் உள்ளே போகிறது.