பின்னாடி வண்டிக்கும் சேர்த்து

காரில் இருந்தபடியே வாங்கிப்போகும் காபிக் கடையின் ஜன்னலை நோக்கி நீட்டிய கார்டைப் பாதியில் நிறுத்தினாள் லொரெய்ன். அக்டோபர் குளிரில் காரின் கண்ணாடி இறக்கியிருந்தது.

"ஒரு பட்டர் டார்ட். ஒரு பெரிய ஹாட் சாக்லேட், மேல கிரீம். அவ்வளவுதானே ஆன்ட்டி?" என்றாள் ஜன்னலில் நின்ற கெய்லி. "மாசத்துக்கு ஒரு தடவை வர்றீங்க. அதுக்கே பேங்க்ல கொள்ளையடிக்க வந்தவங்க மாதிரி முழிக்கிறீங்களே!"

லொரெய்ன் சிரித்தாள். கெய்லி சொன்னது பொய்யில்லை. அந்தச் சின்ன இனிப்பு டார்ட்டை அவள் ஒருநாளும் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. காரிலேயே தின்று, மடியில் சிந்திய துகள்களைத் தட்டிவிட்டு, கோப்பையை வழியில் ஏதாவது குப்பைத்தொட்டியில் போட்ட பிறகுதான் வீடு திரும்புவாள். இத்தனைக்கும் வீட்டில் கேள்வி கேட்க இப்போது யாரும் இல்லை.

கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர் மெர்வின், விவாகரத்து ஆகும்வரை அவளுடைய கணவர். ஒருமுறை கார் சீட்டுக்கு அடியில் காலிக் கோப்பை ஒன்றைக் கண்டெடுத்து, அன்றிரவு விருந்துக்கு வந்தவர்கள் நடுவில், மேசைமேல் வைத்தார். "எங்க வீட்டு மகாராணி குடிச்சது. நான் ஓவர்டைம் பார்க்கிறதே இதுக்குத்தான்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். அதற்குப் பிறகு எந்த இனிப்பை வாயில் வைத்தாலும் அந்தச் சிரிப்பும் கூடவே தொண்டையில் இறங்கியது.

அந்த மெர்வினின் டிரக்தான் இப்போது அவளுக்குப் பின்னால் நின்றது. சனிக்கிழமை தேவாலயக் கமிட்டி முடிந்ததும் பாஸ்டரை ஏற்றிக்கொண்டு இங்கே வருவது அவர் வழக்கம். காபிக்குக் காசு கொடுப்பது பாஸ்டரின் வழக்கம். டிரக்கின் பக்கவாட்டில் அவருடைய நகரசபைத் தேர்தல் விளம்பர அட்டை பளபளத்தது: 'மெர்வின் - நம்ம ஊரின் தாராள மனசு.'

அந்த டிரக் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்த பிறகுதான் லொரெய்ன் வரிசையில் நுழைந்திருந்தாள்.

"கெய்லி, பின்னாடி வண்டிக்கும் சேர்த்து இதுலயே எடுத்துக்கோ."

கெய்லி தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். "ஆன்ட்டி, அது யாருன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியும்."

"கோர்ட்டுல உங்கள 'தின்னே குடும்பத்த அழிச்சவ'ன்னு சொன்ன மனுஷனுக்கா?"

"போன ஞாயித்துக்கிழமை பாஸ்டர் என்ன சொன்னார்? மனசுல எதையும் சுமந்துக்கிட்டுத் திரியாதீங்கன்னார். எனக்கும் தோள் வலிக்குதுடி. இன்னைக்கு இறக்கி வச்சிடுறேன்."

கெய்லியின் கண்கள் கலங்கிவிட்டன. "அப்போ இன்னைக்குச் சங்கிலிய நீங்க ஆரம்பிச்சு வைக்கிறீங்க! போன குளிர்காலத்துல இப்படித்தான், முன்னாடி வண்டிக்காரங்க பின்னாடி வண்டிக்குக் குடுத்து, மத்தியானம் வரைக்கும் போச்சு. ஒருத்தர்கூட அறுக்கல. அறுத்துட்டு அப்புறம் இந்த ஊருல தலைகாட்ட முடியுமா?"

"அவர்கிட்டயும் சொல்லு, அவருக்குப் பின்னாடி இருக்கிறவங்களுக்கு அவர் குடுக்கணும்னு. கொஞ்சம் சத்தமா சொல்லு. பாஸ்டருக்குக் காது மந்தம்."

"சொல்லிடுறேன். ஆனா அவருக்குப் பின்னாடி நிக்கிற வேனுக்கு என்ன ஆச்சுன்னே தெரியல ஆன்ட்டி. ஆர்டர் சொல்ற மைக்குக்கு முன்னாடிதான் நிக்குது. நான் ஹலோ ஹலோன்னு கத்துறேன், வாயே திறக்க மாட்டேங்கிறாங்க."

லொரெய்ன் பையை வாங்கிக்கொண்டு, ஜன்னலுக்கு எதிரே இருந்த மேப்பிள் மரத்தடியில் காரை நிறுத்தினாள். இலைகள் ஒவ்வொன்றாகக் காரின் மீது விழுந்தன. கண்ணாடியை அவள் ஏற்றவில்லை.

"சார்!" கெய்லியின் குரல் கடை வளாகம் முழுக்கக் கேட்டது. "லொரெய்ன் ஆன்ட்டி உங்களுக்குக் குடுத்துட்டாங்க! பின்னாடி வண்டிக்கு நீங்க குடுக்குறீங்களா?"

மெர்வினின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. டிரக்கின் பக்கக் கண்ணாடியில் பின்னால் என்ன நிற்கிறது என்று பார்க்கத் தலையைச் சாய்த்தார்.

அதற்குள் பாஸ்டர் கைதட்டிவிட்டார். "எவ்வளவு அழகான காரியம் மெர்வின்! ஊருக்கே முன்மாதிரி! என்னப்பா யோசிக்கிறே?"

"சேச்சே, யார் யோசிச்சா பாஸ்டர்?" மெர்வின் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வரிசையின் கடைசி வண்டிவரை கேட்கும்படி சொன்னார். "அவங்க என்ன கேட்டாலும் குடும்மா. எல்லாம் என் கணக்கு!"

லொரெய்ன் போனை எடுத்தாள். மணி ஒருமுறை அடிப்பதற்குள் வேனுக்குள் இருந்த அவள் தங்கை பிரெண்டா எடுத்துவிட்டாள். ஊரின் சிறுவர் ஹாக்கி அணிக்கு அவள்தான் பயிற்சியாளர். காலை ஆட்டத்தை முடித்துவிட்டு வந்த பையன்களின் பசிக் கூச்சல் போனில் காதைக் கிழித்தது.

"பிரெண்டா, இப்ப வாயத் திற. தோத்த டீமுக்கும் சேர்த்தே சொல்லு."