ஆறாம் பக்கத்து ஓட்டை

"இந்த ஓட்டைக்கும் சேர்த்துத்தான் சார் நான் பாதிப் பணம் கொடுக்கிறேன்."

சொல்லித் தொலைத்தேன்.

எதிர்வீட்டுத் தனசீலன் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, நான் தூக்கிப் பிடித்திருந்த செய்தித்தாளின் ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

"எங்க வாசலைத் தாண்டுறப்போ முழுசாத்தான் சார் இருந்துச்சு."

"அப்போ நான் வெட்டினேனா?"

"ஒண்ணாம் தேதியிலேர்ந்து உங்களுக்குத் தனியா பேப்பர் போடச் சொல்லிடுங்க."

கதவை மெதுவாகச் சாத்தினார். ஓங்கிச் சாத்தியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது கத்தியிருக்கலாம்.

பதினோரு வருட ஏற்பாடு. ஒரு பேப்பர், இரண்டு வீடு. ஏழரை மணி வரை அவர்கள், அதற்குப் பிறகு நாங்கள். பழைய பேப்பர் போடுகிற காசு ஒரு மாதம் அவருக்கு, ஒரு மாதம் எனக்கு.

ஒரே வாக்கியத்தில் முடித்து வைத்துவிட்டேன்.

சிக்கனத்தில் நான் கொஞ்சம் முற்றிய கேஸ். தேய்ந்த சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டுவேன். பற்பசை தீர்ந்தால் டியூபைக் குறுக்கே வெட்டி இன்னும் நான்கு நாள் ஓட்டுவேன். கைப்பேசிகூடப் பட்டன் வைத்ததுதான். பேசினால் கேட்கிறது, போதாதா?

எதற்கு இவ்வளவு என்று யாராவது கேட்டால் வாய் திறக்க மாட்டேன். பூரணியைக் கைகாட்டிவிடுவேன்.

என் மகள். இருபத்தாறு வயது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அவள் கல்யாணத்துக்கு இருபது பவுனாவது சேர்த்துவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன். பதினொன்றில் நிற்கிறேன்.

இரண்டு வாரமாக அந்த ஓட்டை. தினமும் ஆறாம் பக்கம், வலது கீழ் மூலை. தீப்பெட்டி அளவு.

தங்கம் விலை போடுகிற இடம்.

பேப்பர் கைக்கு வந்ததும் நான் முதலில் பிரிக்கிற இடமும் அதுதான். நாட்டு நடப்பெல்லாம் அப்புறம்.

தனசீலன் சாருக்கு இரண்டும் பையன்கள். இரண்டு பேருக்கும் கல்யாணம் முடிந்துவிட்டது. அவருக்கு எதற்குத் தங்கம் விலை? வெட்டி என்ன செய்கிறார்? நோட்டில் ஒட்டுகிறாரா? யாருக்கும் தெரியாமல் வாங்கிக் குவிக்கிறாரா?

பதினான்கு நாள் இதே யோசனை. பதினைந்தாம் நாள் வாய் திறந்துகொண்டது.

சலூனுக்குப் போனேன். அங்கே அதே பேப்பர் சும்மா கிடைக்கும்.

"போன வாரம்தானே சார் வெட்டுனீங்க?" என்றார் அருணகிரி, கையில் கத்தியோடு.

"சும்மா, பேப்பர்…"

அவர் பார்த்த பார்வையில் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, ஷேவிங் என்று சொல்லிவிட்டேன். ஒரு ஓட்டையைப் படிக்க ஒரு ஷேவிங். அந்தக் காசுக்கு ஒரு வாரம் தனிப் பேப்பரே வாங்கியிருக்கலாம்.

பாதி முகம் நுரையோடு ஆறாம் பக்கத்தைப் பிரித்தேன்.

பவுனுக்கு அறுநூற்று நாற்பது கூடியிருந்தது.

"பொண்ணு ஒண்ணா ரெண்டா சார்?"

நிமிர்ந்தேன். "ஒண்ணு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எதிர்ல இவ்ளோ பெரிய கண்ணாடி எதுக்கு மாட்டியிருக்கேன்?" என்று சிரித்தார். "மூஞ்சிய ஆட்டாதீங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன்.

"செண்பகம், பேப்பர்ல ஓட்டை எப்படி விழுது?"

"எலியா இருக்கும்."

"எலி நேர்க்கோட்டுல வெட்டுமா?"

"படிச்ச எலியா இருக்கும்."

முப்பது வருடத்தில் இவளிடம் நேரான பதில் ஒன்றுகூட வாங்கியதில்லை.

தனசீலன் சார் வாசலிலிருந்து என் நாற்காலிக்குப் பன்னிரண்டு எட்டு. அவர் கையில் வாங்கி என் கையில் கொடுப்பது பூரணி.

இவ்வளவு சின்ன தூரத்தை யோசிக்க எனக்குப் பதினைந்து நாளும் ஒரு ஷேவிங்கும் ஆகியிருக்கிறது.

அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"தனசீலன் சார்கிட்ட காலைல வம்பு இழுத்துட்டேன்மா."

"கேட்டுச்சுப்பா. தெருவுக்கே கேட்டுச்சு."

"அவர் வெட்டலையாம்."

வாரின் மேல் விரல் நின்றது.

"சாயங்காலம் நானே போயி அவர்கிட்ட சொல்லிடுறேன்."

"என்னன்னு?"

"நான்தான்னு."

கோபம் வந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஆவல் வந்து உட்கார்ந்துகொண்டது. அவ்வளவு சின்னக் கட்டத்தை வைத்துக்கொண்டு இவள் என்ன செய்வாள்? நகைச் சீட்டு ஏதாவது போடுகிறாளா? எனக்குத் தெரியாமல் எனக்கே உதவி செய்கிறாளா?

உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"சேர்த்து வெக்கிறியாம்மா?"

"இல்லப்பா. குப்பைல போட்டுடுவேன்."

"பின்ன எதுக்கு வெட்டுறே?"

பூரணி அம்மாவைப் பார்த்தாள். செண்பகம் அடுப்படிக்குள் போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

பூரணி நிமிர்ந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அதைப் படிச்சு முடிச்சதும் என்னைப் பார்ப்பீங்கப்பா," என்றாள். "ஏறுன அன்னிக்கு ஒரு மாதிரி. இறங்குன அன்னிக்கு ஒரு மாதிரி."