விலை ஏறினால் தண்ணீர்

நாலாவது நாளாக மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் வரவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் இலைகள் துவண்டு தொங்கின. கலைக்கூடத்துக் காவல்காரி மூன்றாம் முறையாக நாற்காலியை விட்டு எழுந்து போய்ப் பார்த்தாள். மண் வெடித்திருந்தது.

இதற்குப் பெயர் கலையாம். ஒரு கம்பெனியின் பங்கு விலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டே இருக்கும். விலை ஏறினால் குழாய் சொட்டும், விளக்கு எரியும். இறங்கினால் இரண்டும் நின்றுவிடும். மனுஷக் கை படவே கூடாது என்பது இதைச் செய்தவனின் கண்டிப்பு.

அவள் வீட்டு வாசலிலும் ஒரு மிளகாய்ச் செடி இருக்கிறது, பழைய பெயிண்ட் டப்பாவில். பாத்திரம் கழுவிய தண்ணீரைக் குடித்துவிட்டு அது பாட்டுக்குக் காய்த்துத் தள்ளுகிறது. அதைப் பார்க்க எவனும் டிக்கெட் வாங்குவதில்லை.

செய்தவன் கைக்கு அகப்பட்ட ஏதோ ஒரு கம்பெனியைப் பிடித்துப் போட்டிருந்தான். அவள் வீட்டுக்காரர் பதினாறு வருஷமாக வாஷிங் மெஷின் பாகங்களைப் பூட்டுகிற கம்பெனி அது.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆள் குறைப்பு வரும்போல என்று அவர் சாப்பிடும்போது சொன்னதிலிருந்து சிரிப்பு போய்விட்டது. செடி பட்டுப்போனால் இவர் வேலையும் போச்சு என்று மனசு தானாக முடிச்சுப் போட்டுக்கொண்டது. பைத்தியக்காரத்தனம்தான், அவளுக்கே தெரியும். நேற்று தண்ணீர் பாட்டிலைத் திறந்துகூட விட்டாள். தலைக்கு மேலே கேமரா. ரெண்டு பேர் வேலையும் போனால் சோத்துக்கு என்ன வழி என்று மூடி வைத்தாள்.

பதினொன்றேகாலுக்கு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

அப்புறம் தண்ணீர். சொட்டுச் சொட்டாக இல்லை, விடாமல் ஊற்றியது. சுவர்த் திரையில் பங்கு விலையைக் காட்டும் பச்சைக் கோடு விறுவிறுவென்று மேலே ஏறியது. பார்க்க வந்தவர்கள் கைதட்டினார்கள். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. பிழைத்துக்கொண்டது, நாமும் பிழைத்துக்கொண்டோம் என்று நினைத்தாள்.

வராந்தாவுக்கு ஓடிப்போய் அவருக்குப் போன் போட்டாள். எடுக்கமாட்டார், தெரியும். ஷிப்டு முடியும்வரை எல்லார் போனும் லாக்கரில்தான் கிடக்கும். நாலு மணிக்கு மிஸ்டு காலைப் பார்த்துவிட்டுக் கூப்பிடட்டும், அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

முதல் மணியிலேயே எடுத்தார்.

அந்தப் பக்கம் மெஷின் சத்தமே இல்லை. ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“ஆயிரத்து இருநூறு பேரை நிறுத்திட்டாங்க. பதினோரு மணிக்குத்தான் அறிவிச்சாங்க” என்றார்.

உள்ளே இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதைக் கேட்கவில்லை.

“டிபன் டப்பாவை எடுத்துட்டு வந்தீங்களா, உள்ளயே விட்டுட்டீங்களா?” என்று கேட்டாள்.