சாமிக்கு முன்னால் வைத்தது

கயிற்றை எடுத்துத் தரச் சொன்னார்கள்.

அவள் எடுக்கவில்லை.

கோவில்பட்டி பைபாஸ் ஓரத்துப் பட்டறை. ஆயுத பூஜை முடிந்து கற்பூர வாசனை இன்னும் போகவில்லை. ஆளுக்கொரு பொட்டலம் பொரிகடலை கையில் இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு கார் வந்து நின்றது. முன்பக்கத்து ஸ்பிரிங் உடைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. உள்ளே குழந்தை குட்டியோடு ஒரு குடும்பம். இருட்டுவதற்குள் தூத்துக்குடி போய்ச் சேர வேண்டுமாம்.

பட்டறைச் சாமான் எல்லாம் சந்தனமும் குங்குமமுமாகச் சாமி படத்துக்கு முன்னால் இருந்தன. விடியும்வரை தொடக் கூடாது. கார்க்காரரின் டிக்கியில் கிடந்த ஜாக்கியையும் ஸ்பேனரையும் வாங்கியே சக்கரத்தைக் கழற்றினார்கள். ஸ்பிரிங்கை அதன் தண்டோடு சேர்த்துக் கீழே இறக்கிவிட்டார்கள்.

அடிச்சுருள் முறிந்திருந்தது. மீதிச் சுருள்கள் இறுகித்தான் இருந்தன. அவற்றைப் பிடித்து வைத்திருந்தது உச்சியிலிருந்த ஒரே நட்டு.

அதைக் கழற்ற அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஸ்பிரிங்கை நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். மேல் தட்டை இரண்டு பேர் ஆளுக்கொரு காலால் மிதித்துக்கொள்வார்கள். மூன்றாவது ஆள் குனிந்து நட்டைத் திருப்புவார். சட்டென்று முடிகிற வேலை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படிக் குனிந்தவன் அவளுடைய புருஷன் சுடலைமுத்து.

இன்றைக்கும் அவனுக்கு இட்லியைப் பாலில் கரைத்துத்தான் கொடுக்கிறாள். ஸ்பிரிங் தெறித்து உடைத்த தாடை சேரவே இல்லை.

கயிறு அறுந்து போகவில்லை. முடிச்சுதான் நழுவியது. அதனால் கயிறு சுவரில் அதே ஆணியில் இன்னும் தொங்குகிறது.

முதலாளி தங்கப்பாண்டிக்கும் மனசு கேட்கவில்லை, பொய் சொல்லக் கூடாது. அந்த வாரமே மதுரைக்குப் போய் ஸ்பிரிங் அமுக்குகிற கிளாம்பு ஒரு ஜோடி வாங்கி வந்தார். இரண்டு முனையிலும் கொக்கி, நடுவே நீளமான போல்ட். சாமிக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். வைத்தது வைத்ததுதான். அதை மாட்டி இறுக்க நேரம் பிடிக்கும் என்று ஒருவரும் எடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் பொட்டு மட்டும் வைத்துவிடுவார்கள். சாமிக்கே அலுத்துப் போயிருக்கும்.

புருஷன் இடத்துக்கு அவள் வேலைக்கு வந்தாள். ஆயில் மாற்றினாள், பிரேக் கட்டை மாற்றினாள். ஸ்பிரிங் பக்கம் அவளை விட்டதில்லை. வழக்கமாக நட்டைத் திருப்புகிறவர் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டார்.

இன்று குனிய வேண்டியது அவள்.

கிளாம்பை எடுக்கலாமா என்று கேட்டாள்.

"சாமிகிட்ட வச்சத வேலைக்கு எடுக்கக் கூடாதும்மா," என்றார் தங்கப்பாண்டி. "குத்தமாயிரும்."

எது குற்றம் என்று கேட்க அவளுக்கு வாய் வரை வந்தது.

கேட்காமல் கையைக் கழுவினாள். செருப்பைக் கழற்றினாள். சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளாம்பு இரண்டையும் எடுத்தாள்.

யாரோ உச்சுக் கொட்டினார்கள். அதை மாட்டினால் நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று தங்கப்பாண்டி சொன்னார். எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்.

வீட்டில் இருப்பது ஒரே சம்பளம்.

ஒரே நல்ல தாடையும்கூட.

அவள் தரையில் உட்கார்ந்தாள். கிளாம்புகளை எதிரெதிரே மாட்டினாள். இந்தப் பக்கம் கொஞ்சம் முறுக்கினாள், அந்தப் பக்கம் அதே அளவு முறுக்கினாள். மறுபடி இந்தப் பக்கம். முகத்தை நட்டுக்கு நேராகக் கொண்டுபோகவே இல்லை. போல்ட்டில் வருஷக்கணக்காகக் காய்ந்திருந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

கார்க்காரர் மணி பார்த்தார். பார்க்கட்டும்.

ஸ்பிரிங் அமுங்கியது. மேல் தட்டைக் கையால் ஆட்டிப் பார்த்தாள். லொடலொடவென்று ஆடியது. அதற்குப் பிறகுதான் நட்டைத் தொட்டாள்.

நட்டு கழன்றது.

ஒன்றும் நடக்கவில்லை.

அதற்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னாலும் இப்படி ஒன்றும் நடக்காமல் இருந்திருக்கலாம்.

முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பழைய ஸ்பிரிங்கை மெல்லத் தளர்த்தி எடுத்தாள். அலமாரியிலிருந்த புதியதையும் அதே கிளாம்பால் அமுக்கி உட்கார வைத்தாள். கார் நிமிர்ந்து நின்றது. வெளிச்சம் இருக்கும்போதே புறப்பட்டுப் போனது.

வேலைக்கு வர வேண்டாம் என்பதைத் தங்கப்பாண்டி மறுபடி சொல்லவில்லை. கிளாம்பைத் துடைத்து எடுத்த இடத்திலேயே வைத்துவிடச் சொன்னார். புதுப் பொட்டு வைக்கக் குங்குமச் சிமிழையும் திறந்து வைத்திருந்தார்.

அவள் துடைத்தாள். ஆனால் சாமியிடம் போகவில்லை, சுவரோரம் போனாள். ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தாள். அந்த ஆணியில் கிளாம்பை மாட்டினாள்.

கயிற்றைச் சுருட்டிச் சாமிக்கு முன்னால் காலியாக இருந்த இடத்தில் வைத்தாள். அவர் கையிலிருந்த சிமிழில் விரலைத் தொட்டு, கயிற்றுக்கு ஒரு பொட்டு வைத்தாள்.

"சாமிகிட்ட வச்சத வேலைக்கு எடுக்கக் கூடாதுன்னீங்கள்லா, அண்ணாச்சி. இது அங்கயே இருக்கட்டும்."

தங்கப்பாண்டி சிமிழை மூடி, கயிற்றுக்குப் பக்கத்தில் வைத்தார்.