ஃபைலைத் திறந்தவர் பெயர்

"ஜாதகம் சேரலைன்னுதானே சொல்லி அனுப்புனீங்க? அப்புறம் எங்கண்ணனுக்கு வலிப்புன்னு ஊருக்கே எப்படீங்க தெரிஞ்சுது? இந்த ஆஸ்பத்திரில உங்களை விட்டா எங்க குடும்பத்தைத் தெரிஞ்ச டாக்டர் வேற யாருங்க இருக்காங்க?"

பூங்கொடியின் குரல் கம்ப்யூட்டர் அறைக் கண்ணாடியைத் தாண்டி, மாத்திரை வாங்கும் வரிசை வரை போனது.

முன்னால் இடம் இருந்தும் வரிசை நகரவில்லை.

"நான் ஊர்ல யாருகிட்டயும் சொல்லலைங்க!" அந்த டாக்டர் பெண்ணும் கத்தித்தான் சொன்னாள்.

முக்கால்வாசி உண்மை. அம்மாவிடம் மட்டும் சொன்னாள். அம்மா தரகரிடம் மட்டும் சொன்னார். தரகர் எத்தனை பேரிடம் 'மட்டும்' சொன்னார் என்பது அவருக்கே நினைவில்லை.

அதற்குப் பிறகு அந்த அண்ணனுக்கு இரண்டு இடம் தட்டிப்போயிற்று.

அவள் பொது மருத்துவ மேற்படிப்பு, இரண்டாம் ஆண்டு. பூங்கொடியின் அண்ணன் மோகனசுந்தரம் வந்துபோவது நரம்பியல் பிரிவுக்கு. அவன் ஃபைலில் அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது.

அவளுக்குப் பார்த்த வரனாக அவன் ஜாதகம் வீட்டுக்கு வந்த மறுநாள் வேலை வந்துவிட்டது.

மாப்பிள்ளையைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அவள் விசாரித்தது கம்ப்யூட்டரிடம்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு குணம். யார் ஃபைலை யார் திறந்தார்கள், என்ன தேதி, எத்தனை மணி, எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொள்ளும். நம் தெருக்காரர்களைப் போலத்தான். ஒரே வித்தியாசம், கேட்டால்தான் சொல்லும்.

சேர்ந்த முதல் நாள் வகுப்பிலேயே இதைச் சொன்னார்கள். அவளும் கையெழுத்துப் போட்டாள்.

"புகார் எழுதிக் கொண்டாந்திருக்கேனுங்க. அண்ணன் ஃபைலைத் தொறந்தவங்க லிஸ்ட் கேட்டிருக்கேன், அதுல உங்க பேர் மட்டும் இருக்கட்டும். நேரா டீன் ரூம்தான். உங்க படிப்பு அத்தோட சரி."

அச்சு இயந்திரம் இழுத்து இழுத்து ஒரு தாளைத் துப்பியது. கம்ப்யூட்டர் அறை ஞானப்பிரகாசம் அதை எடுத்து நீட்டினான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

நரம்பியல் டாக்டர்கள் பெயர்களுக்கு நடுவே அவள் பெயர்.

ஏழு தடவை.

பூங்கொடி விரல் வைத்துப் படித்தாள். மார்ச் நான்கு. ஜாதகம் வந்த மறுநாள்.

"பாத்தீங்களா!"

வேண்டாம் என்று சொல்லி அனுப்பியது மார்ச் பத்து.

விரல் இறங்கியது. ஏப்ரலில் ஒன்று. மே. ஜூன். ஜூலை. ஆகஸ்ட். செப்டம்பர். அண்ணன் பரிசோதனைக்கு வந்துபோன நாட்கள். அந்தத் தேதிகள் பூங்கொடிக்கு மனப்பாடம். கூட்டி வருவதே அவள்தான்.

ஒவ்வொன்றும் அதே நாள் சாயங்காலம்.

விரல் நின்றது. குரல் தணிந்தது.

"வேண்டாம்னு சொன்ன பொறகு எதுக்குங்க பாத்தீங்க?"

முதல் வரிக்கு அவளிடம் பதில் இருந்தது. காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்.

மற்ற ஆறுக்கு இல்லை.

காது வரை சிவந்துபோய், கழுத்தில் கிடந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிக் கையில் சுற்றினாள். பிரித்தாள். மறுபடி சுற்றினாள்.

வரிசையில் நின்ற ஒரு அம்மாள் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிப் பார்த்தார். ஒன்றும் காதில் விழவில்லை.

பூங்கொடி தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். கொண்டு வந்த புகாரையும் அதற்குள்ளேயே வைத்தாள்.

டீன் அறை இடப்பக்கம். பூங்கொடி வலப்பக்கம் போனாள்.

தை மாதம் மோகனசுந்தரத்துக்குக் கல்யாணம். பெண் தாராபுரம் பக்கம். வலிப்பைப் பற்றிப் பெண் பார்க்கப் போன அன்றே அவனே சொல்லிவிட்டானாம்.

பத்திரிகை ஒன்று மருத்துவமனை விலாசத்துக்கு, டாக்டர் பெண்ணின் பெயருக்கு வந்தது. அனுப்பியது அண்ணனா தங்கையா, விசாரித்தும் தெரியவில்லை.

அவள் போகவில்லை.

படிப்பு முடிந்ததும் மலைமேல் ஒரு சின்ன மருத்துவமனைக்குப் போய்விட்டாள். அங்கே ஃபைல் எல்லாம் இன்னும் பேனாவும் நோட்டும்தான்.

சம்பளம் கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்டாளாம்.