ஒரு திருத்தம் குறைகிறது

"இதை என்னைக்காவது புது சர்வருக்கு மாத்தினா, என் பேரை மட்டும் விட்டுடாதே."

"நீங்களே இல்லைன்னு ஆனப்புறம் பேரு எதுக்கு?"

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவன் கேட்டான். சுவரைப் பார்த்தபடி அவள் பதில் சொன்னாள். கணவனும் மனைவியும் கடைசியாகப் பேசியது அதுதான். இரண்டு வருஷம் ஆகிறது.

அவன் சொன்ன அந்த நாள் இன்று வந்துவிட்டது. விடுமுறை என்பதால் ஆபீஸில் பதினாறு நாற்காலிகளில் பதினைந்து காலி. நகரப் பேருந்துகளின் நேரத்தைக் காட்டும் மென்பொருளை, அதன் எட்டு வருஷத் திருத்தங்களோடு புது சர்வருக்கு மாற்ற வேண்டும். 'காலை பத்து மணிக்கு மேல் பழையதில் யாரும் கை வைக்காதீர்கள்' என்று எல்லாருக்கும் மெயில் போட்டிருந்தாள்.

மேனேஜர் போனில் அலுத்துக்கொண்டார். "பழைய திருத்தமெல்லாம் எதுக்கும்மா? இப்ப ஓடறதை மட்டும் எடுத்துட்டுப் போ. அரை மணி வேலை."

"அதுல பாதி அவர் எழுதினது சார்."

"சரிம்மா. ஆனா எண்ணிக்கையில ஒண்ணு குறைஞ்சாலும் பழசை மொத்தமா விட்டுடணும். அஞ்சு மணிக்கு பழைய சர்வரை அணைச்சுடுவாங்க."

நகல் ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு திருத்தத்தையும் எழுதியவர் பெயரும், அதோடு அவர் இட்ட குறிப்பின் முதல் வரியும் திரையில் வரிசையாக நகர்ந்தன. மீதி வரிகள் திறந்தால்தான் தெரியும். இந்த ஆபீஸில் யாரும் திறந்ததில்லை. அவன் பெயர் வந்த இடங்களில் அவள் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டாள்.

"கல்யாணத்துக்கு லீவு கொடுத்த மெயிலையே ஹனிமூன் முடிஞ்சுதானே படிச்சீங்க" என்று அவனைக் கேலி செய்தது ஞாபகம் வந்தது. சிரிப்பும் வந்தது. கேட்க ஆளில்லாமல் பாதியில் நின்றது.

மூன்றரைக்கு நகல் முடிந்தது. பழையதில் 8,417. புதியதில் 8,416.

மறுபடி எண்ணினாள். அதே ஒன்று குறைந்தது. இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்து, விடுபட்டது எது என்று தேடினாள்.

கடைசித் திருத்தம். 'ஞாயிற்றுக்கிழமை நேரம் சரிசெய்தேன்.' இன்று மதியம் ஒன்று நாற்பது. எழுதியவர் பெயர், அவனுடையது.

மெயில் படிக்காத மகாராசன்! வீட்டை விட்டுப் போனதிலிருந்து ஊரின் மறுகோடியில் வாடகை அறையிலிருந்தே வேலை செய்கிறவன், விடுமுறையிலும் திருத்தம் போட்டிருக்கிறான்.

முதல் முறையாக அவன் குறிப்பைத் திறந்தாள். கீழே இன்னொரு வரி இருந்தது. 'நான் வீட்டுக்கு வரட்டுமா?'

அதற்கு முன் அவன் எழுதியதைத் திறந்தாள். அதே வரி. அதற்கும் முந்தையதில், போன மாதம், போன வருஷம், அவன் பெட்டியோடு படியிறங்கிய மறுநாள் எழுதியதில்கூட அதே வரி.

விடுபட்ட ஒன்றைப் புதியதில் சேர்த்தாள். 8,417.

பிறகு போனை எடுத்தாள். மறுமுனையில் "ஹலோ" என்ற குரல் கேட்டதும், இரண்டு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னாள்.

"மெயில் போட்டா படிக்க மாட்டீங்க, அதான் வாயாலயே சொல்றேன். வீட்டுக்கு வந்துடுங்க."